கார்டு பாக்கி எத்தனை வட்டி?

பாலக்காட்டு எல்லையோரத்தில், வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ கடன் பேச்சு வந்தால் யாரும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை. "எத்தன வட்டிங்க?" என்பதுதான் கேள்வி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் வாங்கினார் என்று தெரிந்தால் சொந்தபந்தமே கவலைப்படும். அதே வீட்டில் கிரெடிட் கார்டு பாக்கி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அது எத்தனை வட்டி என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டுப் பார்த்தால் பதில் இதுதான். பெரும்பாலான கார்டுகளில் பாக்கிக்கு வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டுக் கடன், நகைக் கடன், பெர்சனல் லோன் ஆகியவற்றின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தால் 4.13 முதல் 4.43 வரை வருகிறது. ஆக, நாலு வட்டிக்கு மேல். "ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே" என்று சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் அப்படிச் சொன்னது உண்மைதான். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி வட்டியைக் குறைக்கச் சொல்ல இப்போது வழியில்லை.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். பில் தேதி மாதாமாதம் 10, கட்டக் கடைசி நாள் 30. ஜூன் 12 அன்று 20,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். அது ஜூலை 10 பில்லில் வரும். ஜூலை 30க்குள் இருபதாயிரத்தையும் கட்டிவிட்டால் வட்டி ஒரு பைசா இல்லை, 48 நாள் சும்மா கிடைத்த பணம். மினிமம் என்று போட்டிருக்கும் 1,000 ரூபாயை மட்டும் கட்டினால் கதை வேறு. மீதி 19,000க்கு வட்டி ஜூலை 31லிருந்து ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வாங்கிய ஜூன் 12லிருந்தே அது ஓடுகிறது. ஆகஸ்ட் 10 பில் வரை 59 நாள். மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். 19,000க்கு ஒரு நாள் வட்டி 21 ரூபாய் 86 பைசா. 59 நாளுக்கு 1,290. ஜிஎஸ்டி 232. மொத்தம் 1,522. கட்டியது ஆயிரம், ஏறியது ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். ஆகஸ்ட் பில் குறைந்தது 20,522 என்று வரும்.

அதோடு போகவில்லை. பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் வட்டியில்லாத காலம் என்ற சலுகை முழுசாக நின்றுவிடும். ஆகஸ்ட் 1 அன்று அதே கார்டில் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால், அந்த மளிகைக்கும் அன்றிலிருந்தே நாலு வட்டி. மறுபடி அந்தச் சலுகை வேண்டுமானால் பில்லை முழுசாகத் தீர்க்க வேண்டும். பாக்கியை வைத்துக்கொண்டே அதே கார்டில் செலவும் செய்கிற வீட்டில் கடன் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

மினிமம் ட்யூ என்பது உங்களைத் தவணை தவறியவராகக் காட்டாமல் இருக்க வாங்கும் தொகை, அவ்வளவுதான். கடனை அடைக்க அது போதாது. 60,000 ரூபாய் பாக்கி, புதுச் செலவு எதுவும் இல்லை, மாதாமாதம் மினிமம் 5 சதவீதம் மட்டும் தவறாமல் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் கையிலிருந்து போனது ஏறக்குறைய 35,400 ரூபாய். அதில் வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் போனது 28,000க்கு மேல். பாக்கி இன்னும் 52,700 நிற்கும். இப்படியே கட்டிக்கொண்டு போனால் அறுபது முப்பதாகக் குறையவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வருவதால் கட்டுபவருக்குப் பாரம் இறங்குவது போலத் தெரியும். ஆனால் கடன் அங்கேயே நிற்கிறது.

அதே அறுபதாயிரத்துக்கு மாதம் 5,000 என்று பிடிவாதமாகக் கட்டினால் 17 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியும் வரியும் சுமார் 24,500. ஆண்டுக்கு 10 சதவீத நகைக் கடனுக்கு மாற்றிவிட்டு அதே 5,000ஐக் கட்டினால் 13 மாதம், வட்டி சுமார் 3,500. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி வையுங்கள். நகையை அடகு வைப்பதில் வருகிற தயக்கம் அந்தத் தாளைப் பார்த்தால் குறையும்.

ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும். கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினால் மட்டும் செலவு நிற்காது. ரூபே கார்டை யுபிஐயில் இணைத்திருந்தால் டீக்கடை, மீன் கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் கார்டு கணக்கில் போய்க்கொண்டிருக்கும், கையில் கார்டே இருக்காது. யுபிஐ செயலியில் போய் அந்தக் கார்டை நீக்குங்கள். ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்த கார்டுகளை அழியுங்கள். ஓடிடி, மொபைல் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று மாதாமாதம் தானாகப் பிடிக்கும்படி கொடுத்து வைத்த அனுமதிகளை வங்கிச் செயலியில் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள் அல்லது சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கணக்கை மாற்றினால் போதும்.

ஆட்டோபே வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கார்டு வாங்கும்போது நிரப்பிய படிவத்தில் "மினிமம் அமவுண்ட் ட்யூ", "டோட்டல் அமவுண்ட் ட்யூ" என்று இரண்டு கட்டங்கள் இருந்திருக்கும். விற்க வந்த பையன் மினிமத்தில் டிக் போட்டிருந்தால், பில் தானாகப் போகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, பின்னால் நாலு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கணக்கில் பணம் இருந்தும் கடனில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

இனி மாற்றுவது. நம் பக்கத்தில் இதற்கு வழிகள் நிறைய உண்டு. சர்வீஸ் சொசைட்டி பேங்க் என்கிற கூட்டுறவு வங்கி, பொதுத்துறை வங்கி, கேரள அரசின் நிதி நிறுவனமான கேஎஸ்எஃப்இ ஆகிய மூன்றிலும் நகைக் கடன் கிடைக்கும். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் ஒரு வட்டிக்கும் குறைவு, 83 பைசா வட்டி. போய்க் கேட்கும்போது வட்டி எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, அசலில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்களா, கெடு தவறினால் வட்டி எவ்வளவு ஏறும் என்று மூன்றையும் கேளுங்கள். அசலில் கட்ட விடாத இடமாக இருந்தால், அந்த 5,000ஐ ஆர்டியில் போட்டுக்கொண்டே வந்து வருட முடிவில் நகையை மீட்டுக்கொள்ளுங்கள். கையில் வைத்தால் செலவாகிவிடும்.

நகைக் கடனில் தவறு நடப்பது ஒரே இடத்தில்தான். தங்கம் விலை ஏறியிருப்பதால் 60,000 தேவைப்பட்டவருக்கு அதே நகைக்கு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்பார்கள். கார்டுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வாங்கிய அன்றே கார்டு கணக்கில் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் கையில் இருந்தால் அதில் பத்தாயிரம் வேறு எங்காவது போய்விடும். மாதா மாதம் கட்டாமல் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே போனால் வட்டி குறைவாக இருந்தும் நகை ஏலத்துக்குப் போகும் நாள் வரும்.

கேஎஸ்எஃப்இ சிட்டி, அதாவது ஏலச் சீட்டு, போட்டிருப்பவர்கள் உடனே சிட்டியைப் பிடித்து கார்டை அடைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். தொடக்க மாதங்களில் ஏலத்தில் தள்ளுபடி அதிகமாகப் போகும். ஒரு லட்சம் சிட்டியை 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கையில் 70,000தான். மீதித் தவணைகள் எத்தனை, அந்தத் தள்ளுபடியை மாதக் கணக்கில் பிரித்தால் எத்தனை வட்டி வருகிறது என்று போட்டுப் பார்த்து எடுங்கள். பாதிக்கு மேல் கட்டிய சிட்டியானால் பெரும்பாலும் லாபம்தான். எடுத்த பிறகு ஜாமீனாக சம்பளச் சான்றோ நகையோ நிலப் பத்திரமோ கேட்பார்கள். அதை முன்னாலேயே தயார் செய்து வையுங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவில் வீட்டுப் பெண்கள் இருந்தால், குழுவின் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனும் ஒரு வழி. தொகை சிறியதுதான், ஆனால் சின்னக் கார்டு ஒன்றை மூட அது போதும். எஃப்டியோ எல்ஐசி பாலிசியோ இருந்தால் அதன்மேல் கடன் வாங்குவதும் கார்டு வட்டியில் கால் பங்குதான் வரும்.

எங்கே மாற்றக் கூடாது என்பதும் முக்கியம். பிளேடுக்காரர்கள் என்கிற கந்துவட்டிக்காரர்களிடம் போகாதீர்கள். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். கேரள அரசு 2014ல் "ஆபரேஷன் குபேரா" என்று போலீஸை வைத்து இவர்களைப் பிடிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதற்குப் பிறகும் எல்லையோரத்தில் இந்தத் தொழில் இருக்கிறது. வெற்றுச் செக், கையெழுத்துப் போட்ட வெற்று முத்திரைத்தாள் கேட்கிற இடத்தில் எவ்வளவு அவசரமானாலும் வாங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் கடன் என்று செல்போனில் வரும் செயலிகளுக்கும் இதே பேச்சுதான்.

கார்டை வைத்துக் கார்டை அடைப்பது இன்னொரு சுழல். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் பொதுவாக 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, எடுத்த நொடியிலிருந்து வட்டி. இதில் வட்டியில்லாக் காலமே கிடையாது. இதைத் தவிர்க்க சிலர் கடையில் ஸ்வைப் செய்து கமிஷன் போக ரொக்கம் வாங்குகிறார்கள். 50,000ஐ 2.5 சதவீதக் கமிஷனில் மாதாமாதம் உருட்டினால் மாதம் 1,250 போய்விடும், அசலில் ஒரு ரூபாயும் குறையாது. பொருள் வாங்காமல் ஸ்வைப் செய்வது கார்டு விதிக்கே விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கி மொத்தப் பாக்கியையும் ஒரே அடியாகக் கேட்கும், அப்போது உருட்ட ஒன்றும் இருக்காது.

நகையும் இல்லை, சிட்டியும் இல்லை என்றால் வங்கியிலேயே பாக்கியை இஎம்ஐயாக மாற்றிக் கேளுங்கள். வட்டி கார்டு வட்டியில் பாதியோ அதற்கும் குறைவோ இருக்கும். பிராசஸிங் கட்டணம், இஎம்ஐ வட்டியின்மேல் ஜிஎஸ்டி, முன்கூட்டி மூடினால் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று வேலை நாள் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் அந்த மாத வட்டி ஏறிய பிறகுதான் மாறும். இஎம்ஐ தொகை அடுத்தடுத்த பில்லில் மினிமத்தோடு சேர்ந்து வரும். இஎம்ஐ கட்டியாகிவிட்டது என்று அதே கார்டில் புதிதாகச் செலவு செய்து மினிமம் மட்டும் கட்டினால், புதுச் செலவு பழைய வட்டியில் தனியாக ஓடும். நோ காஸ்ட் இஎம்ஐ என்று கடையில் சொல்வதிலும் பிராசஸிங் கட்டணமும் வட்டி மேல் ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதை முதலில் முடிப்பது? பொதுவாக அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கார்டுகளுக்குள் வட்டி வித்தியாசம் பெரும்பாலும் மாதம் கால் சதவீதத்துக்குள்தான். அதனால் எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிக்கொண்டு, மிச்சப் பணம் முழுவதையும் பாக்கி குறைந்த கார்டில் போட்டு அதை முதலில் மூடுவதுதான் என் கருத்து. ஒரு கார்டு மூடினால் ஒரு மினிமம், ஒரு கடைசித் தேதி, ஒரு அபராத பயம் குறைகிறது. அந்த மினிமம் அடுத்த கார்டுக்கு அப்படியே போகட்டும். குழுவில் வாரக் கடன் ஓடினால் அதைத் தவறவிட்டுக் கார்டுக்குக் கட்டாதீர்கள். அதன் வட்டி கார்டை விடக் குறைவு, ஒருவர் தவறினால் கூட இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் சங்கடம்.

பாக்கி ஓடும் கார்டுக்குக் கடைசித் தேதி வரை காத்திருக்கத் தேவையில்லை. வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள். 10,000 ரூபாயை இருபது நாள் முன்னால் கட்டினால் வட்டியும் வரியும் சேர்த்து 270 ரூபாய்க்கு மேல் மிச்சம். கஞ்சிக்கோட்டில் வேலை செய்பவர்களுக்கு ஓண போனஸ், வாளையாருக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மில்லிலும் பட்டறையிலும் இருப்பவர்களுக்குத் தீபாவளி போனஸ். அது வரும் முன்பே எவ்வளவு கார்டுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். போனஸில் பாதியாவது அசலில் விழுந்தால் மூன்று நான்கு மாதத் தவணை குறையும்.

வேலை போய், உடம்பு சரியில்லாமல், கட்டவே முடியாத நிலையும் வரும். அப்போது ஒளிய வேண்டாம். தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் சொல்லி, மாதம் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதையும் கட்டாமல் நின்ற தொகையின் மேல்தான் போட வேண்டும், மொத்த பில்லின் மேல் கூடாது. கட்டணம், வரி ஆகியவற்றின் பாக்கியை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடவும் கூடாது. பில்லில் இந்த வரிகளைச் சரிபாருங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களையும் வேலை செய்யும் இடத்தையும் கூப்பிட்டு அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் தேதி, நேரம், நம்பரைக் குறித்து வைத்து முதலில் வங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்கிற புகார் தளத்தில், குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கார்டு பாக்கி கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், போலீஸ் வந்து பிடிக்கும் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால், அதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவில் வழக்கு வரும். கணக்கில் பணம் இல்லாமல் செக் கொடுக்கவே கூடாது.

எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். கார்டு வாங்கும்போது கோயம்புத்தூர் அறை முகவரியும் தமிழ்நாட்டு சிம்மும் கொடுத்துவிட்டு, பிறகு ஊருக்கே திரும்பியிருப்பார்கள். பில்லும் சட்ட நோட்டீஸும் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும், இவருக்குத் தெரியாமல் ஒரு தலைப்பட்சமாக உத்தரவே ஆகிவிடும். முகவரி, போன் நம்பர், மெயில் மூன்றையும் இன்றைக்கே மாற்றுங்கள்.

மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். அங்கே பேசித் தொகையைக் குறைக்க முடியும், தவணையும் கேட்கலாம். அங்கே கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வங்கியோடு நேரடியாக செட்டில்மென்ட் பேசினாலும் வங்கியின் கடிதம் கைக்கு வரும் முன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், ஒப்புக்கொண்ட தொகை, கெடு, "இதற்கு மேல் பாக்கி இல்லை" என்ற வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் கார்டு கணக்குக்குத்தான் போக வேண்டும், வசூல் ஆளின் யுபிஐக்கு அல்ல. செட்டில்மென்ட் செய்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்ட்" என்று விழும், "க்ளோஸ்ட்" என்று வராது. அடுத்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது தடையாக நிற்கும். முழுசாகக் கட்ட ஏதாவது வழி இருக்கிற வரை செட்டில்மென்ட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

கடைசிக் கட்டத்தில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. பாக்கியை முழுசாகக் கட்டிய மாதத்துக்கு அடுத்த மாதமும் ஒரு வட்டி வரும். 10ஆம் தேதி பில்லில் 40,000 இருந்து, அதை 28ஆம் தேதி கட்டினால், நடுவில் உள்ள 18 நாளுக்கு வட்டி 828, ஜிஎஸ்டி 149, ஆக 977 ரூபாய் அடுத்த பில்லில் ஏறும். எல்லாம் தீர்ந்தது என்று அந்த பில்லைத் திறக்காமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம், ஆறு மாதம் கழித்து தவணை தவறியவர் என்ற பெயர். முழுசாகக் கட்டிய பிறகு இன்னும் இரண்டு பில்லைப் பார்த்து, பூஜ்யம் என்று வந்த பின்னரே முடிந்ததாக நினையுங்கள்.

பூஜ்யம் வந்ததும் தேவையில்லாத கார்டுகளை மூடக் கேளுங்கள். கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளில் மூட வேண்டும். பாக்கி இல்லாதிருந்தும் தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நோ ட்யூஸ் கடிதத்தை வாங்கி நகைக் கடன் ரசீதோடு வையுங்கள். ஒரு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், சிபில் உள்பட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. மூடிய கார்டு இன்னும் பாக்கியோடு காட்டினால் அதே தளத்தில் திருத்தம் கேட்டு எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.